உப்பு போட்டுத் தேய்த்த எவர்சில்வர் மேடை

என் வீட்டுக்காரரைக் கரையிலேயே நிறுத்திவைக்க நான் போட்ட தூண்டில், ஓர் எவர்சில்வர் மேடை. நகை போட்டு, பட்டு கட்டி மயக்குகிற வயதெல்லாம் போய்விட்டது. அந்த வயதில் மயக்கியிருந்தாலும் அவர் மயங்கியிருக்க மாட்டார். அடுப்பு, சட்டி, வெங்காயம் இவற்றைத் தவிர வேறு எதையும் அவர் இரண்டாம் முறை திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். சீஃப் குக் என்பது பதவியின் பெயர். கல்யாணமான நாளிலிருந்தே ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில் என்றுதான் எங்கள் குடித்தனம். தூத்துக்குடியில் எங்கள் தெருவில் இது அதிசயமே இல்லை. வீட்டுக்கு ஒருவர் தண்ணீரில் இருப்பார். மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்த பிறகு எனக்குத்தான் அந்த ஒன்பது மாதம் நீண்டுகொண்டே போனது. 'இதுதான் கடைசி' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தடவையும் திரும்பி வந்து ஐந்தாறு வாரம் ஒழுங்காக இருந்தார். அப்புறம் மொட்டைமாடியில் ஏறி, துறைமுகத்தில் எந்த கிரேன் அசைகிறது, எது சும்மா நிற்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். அந்த வியாதி வந்துவிட்டால் பின்னாலேயே கப்பலுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சியிலிருந்து போனும் வந்துவிடும்.

போகாதீங்க என்று சொல்லவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். என் மகளும் அதைத்தான் கேட்டாள். எங்கள் தெருவில் அது ஆகாது. கப்பலுக்குக் கிளம்புகிறவரிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லவே மாட்டோம். சொல்லியும் மீறிப் போனால், அந்தச் சொல்லும் அவரோடு கப்பல் ஏறிவிடும் என்பார்கள். 'பாத்துப் போயிட்டு வாங்க' என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் ஒருநாளும் சொன்னதில்லை. நம்பாத விஷயத்துக்குத்தான் மனுஷி அதிகமாகப் பயப்படுகிறாள்.

வீடியோ காலில் பேசும்போது அவர் தன் முகத்தைக் காட்டுவதைவிடக் கப்பல் குசினியைத்தான் அதிகம் காட்டுவார். குசினி என்றால் எங்கள் ஆட்களுக்குச் சமையலறை. மேடை, தொட்டி, சுவர், அலமாரிக் கதவு என்று அங்கே எல்லாமே எவர்சில்வர். "பாத்தியாளா, ஒரு பொட்டுக் கறை உண்டுமா?" என்று போனை அதன்மேல் ஓட்டிக் காட்டுவார். வீட்டுக்கு வந்தாலோ எங்கள் கருங்கல் மேடையைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார். "இதுல எது கல்லு, எது அழுக்குன்னு எப்படிளா கண்டுபிடிக்க?" என்பார். அப்படி ஒருநாள் பேசிவிட்டு வைத்த பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. கப்பல் குசினி வீட்டிலேயே இருந்தால் இந்த மனுஷன் எதற்காகக் கப்பலுக்குப் போகவேண்டும்?

அவருக்குத் தெரியாமல் பட்டறையில் அளவு கொடுத்தேன். பழைய கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை எவர்சில்வர் மேடை போட்டார்கள். நடுவில் தொட்டி. மேலே ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாளைப் பட்டறை அண்ணாச்சி உரித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையை வைத்தால் குளுகுளு என்று இருந்தது. முகம் தெரியவில்லை, ஆனால் நான் கட்டியிருந்த சேலையின் மஞ்சள் தெரிந்தது. அன்றைக்கு முழுக்க ஒரு காரணமும் இல்லாமல் குசினிக்குள் போய்ப் போய் வந்தேன். வீடியோ காலில் அவர் கூப்பிட்டால் முற்றத்துக்கு ஓடிப்போய் நின்று பேசினேன். "என்னளா, எப்பம் பாத்தாலும் வெயில்லயே நிக்க?" என்று கேட்டார்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான் நின்றது. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றிக் குழம்பு வைத்தால் தனியாக உப்பு போடவேண்டாம். அந்தத் தண்ணீரில் மேடையைக் கழுவி அப்படியே விட்டுவிடுவேன். காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று வந்து தன் பங்குக்கு ஒரு பிசுபிசுப்பைப் பூசிவிட்டுப் போகும். அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நின்று நிதானமாகப் பார்க்கிறேன், மேடை பழைய தகரம் மாதிரி இருக்கிறது.

இங்கேதான் என் பிறந்த வீட்டுப் புத்தி வேலை செய்தது. நான் உப்பளத்துக்காரி. என் அப்பா உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர். எங்கள் வீட்டில் எதற்கும் உப்புதான். பல்வலியா, உப்பு. தொண்டை கட்டினால் உப்பு. மீன் கழுவ, அம்மி தேய்க்க, கண்ணேறு கழிக்க, எல்லாவற்றுக்கும் மூலையில் இருக்கும் அந்தச் சாக்குக்குள்தான் கையை விடுவோம். திருவிழாவுக்கு முன்னால் கோயிலில் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளியும் உப்பும் வைத்துத் தேய்ப்போம், தங்கம் தோற்றுப்போகும். பித்தளைக்கு ஆனது எவர்சில்வருக்கு ஆகாமலா போய்விடும்? கல்லுப்பை அள்ளிக் கொட்டினேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். கம்பி நாரை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கை ஓய்ந்ததும், விடியும்வரை ஊறட்டும் என்று மேடை முழுக்க உப்பை அப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். அன்று எனக்கு அருமையான தூக்கம்.

காலையில் கழுவிப் பார்த்தால் துரு. எவர்சில்வர் துருப்பிடிக்கும் என்று அதுவரை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன். இப்போது என் கண் முன்னால் பழுப்புப் பழுப்பாகப் புள்ளி வைத்துக்கொண்டு கிடக்கிறது. அதன்மேல் கம்பி நார் போட்ட வட்டங்கள் வேறு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். ரயில் வருகிற நேரமாகிவிட்டது. பெரிய மேசைவிரிப்பு ஒன்றை எடுத்து மேடைமேல் போட்டு மூடிவிட்டு ரயிலடிக்கு ஓடினேன்.

வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் குசினிக்குத்தான் போனார், தண்ணீர் குடிக்க. நான் பின்னாலேயே போனேன்.

"என்னளா, குசினிக்குப் பந்தல் போட்டிருக்க?" என்று கேட்டுக்கொண்டே விரிப்பைத் தூக்கினார்.

உள்ளங்கையை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். கட்டிப்போட வாங்கிய கயிறே இற்றுப்போய்விட்டதே என்று எனக்கு இருந்தது.

"எனக்காவா போட்ட?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரருக்கா?"

"என்னத்த வச்சுத் தேச்ச?"

"உப்பு."

திரும்பி என்னைப் பார்த்தார். "கப்பல்ல எவனாவது இப்படித் தேச்சிருந்தாம்னா, அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டிருப்பேன்."

"எறக்கி விடுங்க. எங்க வீடு இங்கனதான் இருக்கு."

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒன்பது மாதக் கடலும் அந்தச் சிரிப்பில் இறங்கிப்போனது போல இருந்தது. எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் நானும் சிரித்தேன். காப்பி போடவே ரொம்ப நேரமாகிவிட்டது.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு வேலையை ஆரம்பித்துவிட்டார். முதலில் உப்புத் தண்ணீரை மேடைப்பக்கமே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டு, குடிக்கப் பிடித்துவைத்திருந்த நல்ல தண்ணீரில் கழுவினார். பிறகு குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இங்கன வந்து பாரு. தகட்டுல மெல்லிசா ரேகை ஓடுதுல்லா? எடதுலேர்ந்து வலத்துக்கு. அது போற போக்குலதான் தேய்க்கணும். நீ வட்டம் போட்டிருக்க, கோலம் போடுத மாதிரி." பார்த்தேன். உண்மையாகவே ரேகை இருந்தது. இத்தனை நாள் அதன்மேல் கை வைத்துப் புழங்கியிருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை.

சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, தன்னுடைய பழைய பனியனைக் கிழித்து, ரேகையோடு ரேகையாகத் தேய்த்தார். துரு பிடிவாதம் பிடித்த இடத்தில் எலுமிச்சம்பழத்தை லேசாகத் தடவி உடனே கழுவினார். "எலுமிச்சை மேல குத்தமில்ல. உப்பும் கம்பி நாரும் சேந்துதான் வேலையக் காட்டிட்டு," என்றார். கழுவியதும் காய்ந்த துணியால் துடைத்தார். தண்ணீர் தானாகக் காயக் கூடாதாம். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், துணியில் தொட்டு. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன். ஒரு சாண் அகலத்துக்கு மேடை பழைய பளபளப்போடு வெளியே வந்தபோது இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் அவசரப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாண், இரண்டு சாண் என்று வைத்துக்கொண்டார். காலையில் மீன் வாங்கி வருவார், சமைப்பார், பிறகு மேடை. எனக்கு அந்த வாரங்கள் திருவிழா மாதிரி இருந்தன. என்ன ஒன்று, இருபது பேருக்குச் சமைத்துப் பழகின கை. இரண்டு பேருக்கு மீன்குழம்பு வை என்றால் அண்டாவைத் தேடும். மிச்சம் தெருவுக்குப் போகும். "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று எதிர்வீட்டிலிருந்து என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் ஓர் உறைக்குள் இரண்டு கத்தி எத்தனை நாள் இருக்கும்? ஒருநாள் மசாலா டப்பாவை எடுக்கப் போனேன், வரவில்லை. இழுத்துப் பார்த்தேன். டப்பாக்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்.

"இது என்னத்துக்கு?"

"உருளாம இருக்க."

"வீடு எப்பங்க ஆடிச்சு?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். மறுநாள் பாத்திரங்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு வந்தது. அதற்கு மறுநாள் என் புளிப்பானை மேடையிலிருந்து காணாமல் போனது. புளித்தண்ணீர் சொட்டினால் மேடைக்கு ஆகாது என்று கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார். நான் பானையை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்தேன். சாயங்காலம் அது மறுபடியும் போய்விட்டது. இப்படியே அந்தப் பானை ஒரு வாரம் வீட்டுக்குள் யாத்திரை போனது.

ஒருநாள் மத்தியானம் நான் அடுப்பில் இருக்கும்போதே பின்னால் வந்து, நான் சிந்திய தாளிப்பு எண்ணெயைத் துடைத்தார். இன்னொரு சொட்டு சிந்தினேன், அதையும் துடைத்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கடுகு வெடிக்கக்கூட ஒங்ககிட்ட உத்தரவு கேக்கணுமா? இது கப்பலில்ல, என் குசினி. ஒங்களுக்கு இங்க யாரும் வேல போட்டுத் தரல" என்று கத்திவிட்டேன்.

அவர் துணியை மடித்துத் தொட்டி ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ஏஜென்சிக்காரர் வயதில் சின்னவர், உரக்கப் பேசுவார்; எனக்கு அடுப்படிவரை கேட்டது. நல்ல கப்பல், பழைய கேப்டன், இன்னும் பத்து நாளில் ஏறவேண்டும், நாளைக்குச் சாயங்காலத்துக்குள் பதில் வேண்டும். என் வீட்டுக்காரர் "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். போன தடவை "வாரேன்" என்றுதான் உடனே சொன்னார். அந்த வித்தியாசம் ஒன்றுதான் எனக்குக் கிடைத்த நம்பிக்கை. அதை வைத்துக்கொண்டு அன்று முழுக்க ஓட்டினேன்.

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பாட்ட நேராச் சொல்லுங்கம்மா, இருங்கன்னு. ஒரு வார்த்த" என்றாள்.

"நான் சொல்லமாட்டேன்."

"அப்ப மேடையா சொல்லும்?"

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவர் வேண்டும். டப்பாவில் கயிறு கட்டட்டும், பானையை எங்கே வேண்டுமானாலும் வைக்கட்டும், வீட்டில் இருக்கவேண்டும். இதை என் வாயால் சொல்ல முடியவில்லை என்பதுதான் ஆத்திரம். வெற்று வீட்டில் ஒரே ஒரு தட்டைக் கழுவி வைக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பதில் சொல்லவேண்டிய நாள் மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்தேன். குசினியில் அவர் மேடையைத் துடைத்து முடித்துத் துணியை அலசிக்கொண்டிருந்தார். பார்த்தேன். இடது சுவரிலிருந்து தொட்டிவரை மேடை மின்னியது. தொட்டிக்கு இந்தப் பக்கம், வலது சுவர்வரை, என் துருவும் என் வட்டங்களும் அப்படியே இருந்தன. என் புளிப்பானையும் அந்த வலது பக்கத்திலேயே பத்திரமாக இருந்தது.

"என்ன, பாதியில நிப்பாட்டிட்டீங்க?"

"அது ஒன் பக்கம்," என்றார். முகத்தில் கோபம் இல்லை. "நீ சொன்னது சரிதான். கேக்காமத் தொட்டது தப்பு. என் பக்கத்துல நான் இருந்துக்கிடுதேன். ஒன் பக்கத்துல நீ உப்பளமே வையி, நான் பாக்கமாட்டேன்."

வீட்டில் இத்தனை நாள் யாருக்கும் பக்கம் என்று ஒன்று இருந்ததில்லை. எல்லாமே என்னுடையதாகத்தான் இருந்தது. அவர் அதில் பாதியைக் கேட்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பலுக்குப் போகப்போகிறவர் எதற்குக் குசினியில் பாதி கேட்கிறார்?

நான் சேலையைச் செருகிக்கொண்டு, சோடாவைக் குழைத்து, பனியன் துணியை எடுத்து என் பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தேன். வேண்டுமென்றே ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வாயைத் துடைத்துக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் வட்டமாகத் தேய்த்தேன்.

"ஏளா!" என்றார். அது அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் ஒரு சத்தம்.

"இது என் பக்கம்லா?"

"ஒன் பக்கந்தான். ஒன் பக்கந்தான். ஆனா கொல்லாதளா." அவர் கை என் கைமேல் வந்து உட்கார்ந்தது. இடமிருந்து வலமாக இழுத்தது. நான் விட்டுக்கொடுத்தேன். இரண்டு கையும் சேர்ந்து ரேகையோடு போனபோது பழுப்பு மெல்ல இளகியது. இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும் போகவே இல்லை, தகட்டையே தின்றுவிட்டிருந்தன. "அது கெடக்கட்டும். உப்பளத்துக்காரி வீடுன்னு தெரியட்டும்" என்றார். நான் முழங்கையால் ஓர் இடி இடித்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. அவருடைய போன், அவர் பக்கத்து மேடையில். அவருக்குக் கை முழுக்கச் சோடா. நான் என் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா, அண்ணாச்சி என்ன சொல்லுதாவ? எல்லாம் ரெடியா இருக்கு," என்றார் ஏஜென்சிக்காரர்.

"அண்ணாச்சிக்கு வேற எடத்துல வேல கெடச்சிட்டு, தம்பி," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. தேய்த்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

"வேற எடமா? எந்தக் கம்பெனிக்கா?"

"எங்க வீட்டுக் குசினி."

அந்தப் பக்கத்தில் பெரிய சிரிப்பு. "சீஃப் குக்காவா?"

"சீஃப் நாந்தான். அவுக செகண்ட் குக்."

நான் அவரைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? முப்பது வருஷம் சீஃப் குக்காக இருந்தவரைக் கேட்காமல் கொள்ளாமல் பதவி இறக்கியிருக்கிறேன். ஏஜென்சிக்காரர் விடுகிறவராக இல்லை. "சரிக்கா, எத்தன மாசக் கான்ட்ராக்டு?" என்று கேட்டார்.

வாய் நிறைய வந்த தைரியம் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. போனைக் காதிலிருந்து எடுத்து, அவர் பக்கம் திரும்பினேன்.

"எத்தன மாசம்னு கேக்காரு."

அவர் துணியை நல்ல தண்ணீரில் முக்கிப் பிழிந்தார். என் பக்கத்தையும் அவர் பக்கத்தையும் சேர்த்து, இடது சுவரிலிருந்து வலது சுவர்வரை ஒரே இழுப்பில் துடைத்தார்.

"மாசக் கணக்கே வேண்டாம்னு சொல்லுளா," என்றார். "நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்."